பந்தயக் குதிரை இறந்தால்: கடைசி மூச்சிலிருந்து அடுத்த ஆடி வரை

சித்திரை வெயிலில் காலை 9 மணிக்கு இறந்த குதிரைக்கு மதியச் சோற்று நேரத்துக்குள் வயிறு மத்தளம் மாதிரி ஆகிவிடும். கரூர், ஈரோடு பக்கம் 38, 40 டிகிரி அடிக்கிற நாளில் அதற்கும் முன்பே. துக்கம் மாதக்கணக்கில் காத்திருக்கும், உடம்பு காத்திருக்காது. ரேக்ளா வண்டிப் பந்தயக் குதிரை வளர்க்கும் வீடுகளில் பின்னால் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிற குறைகளில் பாதி முதல் ஆறு மணி நேரத்தில் விட்டுப்போனவைதான். வாலில் ஒரு கொத்து முடி எடுத்துவைக்கவில்லை. தீனி போட்ட பையன் வந்து சேர்வதற்குள் மண்ணைத் தள்ளிவிட்டார்கள். ஜேசிபி பக்கெட்டில் கழுத்துத் தொங்கத் தூக்கியதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். வேலைகளை வரிசை தப்பாமல் செய்தால் இவை மூன்றுமே நடக்காது.

கடைசி மணி நேரம்

பந்தயக் குதிரைகள் பெரும்பாலும் இரண்டு வழியில் போகின்றன: சூலை என்கிற கடும் வயிற்றுவலி, இல்லாவிட்டால் கால் எலும்பு முறிவு. முறிவு கண்ணுக்குத் தெரியும். சூலையில்தான் ‘இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்’ என்று இழுத்துக்கொண்டே போகத் தோன்றும்.

ஓய்வாக நிற்கும் குதிரைக்கு நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால் தெரியும். அது 60-ஐத் தாண்டினால் ஆபத்து. வலிக்கு ஊசி போட்ட பிறகும் 80-க்குக் கீழே இறங்கவில்லை, ஈறு செங்கல் நிறத்திலிருந்து ஊதாவுக்குப் போகிறது, காதும் கால் நுனியும் சில்லிட்டுவிட்டன, உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை என்றால் குடல் முறுக்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் குதிரை திடீரென்று அமைதியானால், ‘தேறிவிட்டது’ என்று நம்பிவிடக் கூடாது. குடல் கிழிந்த பிறகும் வலி சற்று நேரம் அடங்கும். நாடியைப் பாருங்கள். அது ஏறிக்கொண்டே இருந்தால் அந்த அமைதி நல்லதுக்கல்ல.

இந்தக் கட்டத்தில் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘இது உங்கள் குதிரையாக இருந்தால் என்ன செய்வீர்கள்?’ 1962 எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். அறுவை சிகிச்சை பற்றி யோசிப்பவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு முதலில் போன் செய்து, அன்றைக்கு முடியுமா என்று கேட்டுவிட்டு வண்டி ஏற்றுங்கள். கேட்காமல் ஏற்றினால் குதிரையின் கடைசி மூன்று மணி நேரம் லாரியில் கழியும்.

கருணை ஊசி என்று முடிவானால் அதை டாக்டர்தான் போட வேண்டும். முதலில் மயக்கத்துக்கு ஒன்று, அது வேலை செய்த பிறகு உயிர் அடங்க அடுத்தது. இரண்டாவது ஊசியில் குதிரை சடாரென்று விழும். எனவே தலைக்கயிற்றை நீளமாக விட்டு, ஒரே ஆள், தோள் பக்கம் நிற்க வேண்டும். நேர் முன்னால் நிற்கக் கூடாது. விழுந்த பிறகும் ஒன்றிரண்டு முறை பெருமூச்சு வரும், தசை துடிக்கும், கண் திறந்தே இருக்கும். உயிர் போகவில்லை என்று அலற வேண்டாம், அது உடம்பின் அனிச்சை. உடனிருக்கப் போகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் பாதி அதிர்ச்சி குறையும். முடிந்தால் குழி தோண்டப் போகிற இடத்துக்குப் பக்கத்திலேயே நடத்திக் கூட்டிப் போய் இதைச் செய்யுங்கள். பின்னால் இழுத்துப் போகிற வேலை மிச்சம்.

இறந்துவிட்டதா என்று பார்ப்பது

இடது முழங்கைக்குப் பின்னால் காதை வைத்து இரண்டு நிமிடம் இதயத் துடிப்பைக் கேளுங்கள். சுத்தமான விரல் நுனியால் கருவிழியை லேசாகத் தொடுங்கள். இமை அசையக் கூடாது. இரண்டும் இல்லையென்றால் மணியைக் குறித்துவையுங்கள். இன்சூரன்ஸுக்கும் போஸ்ட்மார்ட்டத்துக்கும் அந்த நேரம் தேவைப்படும்.

தொடுவதற்கு முன் ஒரு நிமிடம்

மூக்கு, ஆசனவாய் வழியாக உறையாத கறுத்த ரத்தம் வடிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். யாரும் தொடக் கூடாது, அறுக்கவே கூடாது. அறுத்தால் நோய்க்கிருமி காற்றுப்பட்டு வித்துகளாக மாறி அந்த மண்ணில் பல வருடங்கள் கிடக்கும். மூக்கில் மஞ்சளாகப் பிசின் மாதிரிச் சளி, காலில் வரிசையாகக் கட்டியும் புண்ணும் இருந்தால் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் சந்தேகம். இது மனிதருக்கும் தொற்றும். 2009-ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். இறப்பதற்கு முன் தண்ணீர் விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகியது, காரணமில்லாமல் கடிக்க வந்தது என்றால் வெறிநோய் சந்தேகம். எச்சில் பட்ட எல்லோரும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசியை ஆரம்பிக்க வேண்டும்.

இந்த மூன்றில் எதுவானாலும் கீழே வருகிற முடி, லாடம், கடைசியாகத் தொட்டு அழுவது எதுவுமே கிடையாது. கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். கொடுமைதான், ஆனாலும் வேறு வழியில்லை.

முதல் இரண்டு மணி நேரம்

முதலில் கால்கள். உடம்பு விறைக்க ஆரம்பித்தால் நீட்டிய கால் நீட்டியபடியே நிற்கும். பந்தயத்தில் ஓடிய சூட்டோடு இறந்த குதிரை இன்னும் சீக்கிரம் விறைக்கும். முன்னங்கால் இரண்டையும் மடக்கி மார்போடும், பின்னங்கால்களை வயிற்றோடும் சேர்த்து, அகலமான பழைய வேட்டித் துணியால் கட்டிவிடுங்கள். கயிறு வேண்டாம், தோலில் பதிந்து பார்க்கச் சகிக்காது. தூங்குகிற குட்டி மாதிரி படுக்கை அமையும், குழியும் இரண்டடி சிறியதாகும். தலையைச் சாக்கின் மேல் சற்று உயரமாக வைத்தால் மூக்கில் ரத்தநீர் வடிவது குறையும். கண்ணை மூட முயன்று தோற்காதீர்கள், குதிரையின் இமை மூடி நிற்காது. நெற்றி முதல் கண் வரை மறைகிற மாதிரி ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள். நிழலில் இருக்கட்டும், வயிற்றின் மேல் ஈரச்சாக்கு. ஐஸ் கட்டி வாங்கிக் குவிப்பவர்கள் உண்டு. முன்னூறு, நானூறு கிலோ உடம்பின் உள்சூட்டை அது ஒன்றும் செய்யாது.

அடுத்து வால் முடி. வாலின் மேல்புறம் பார்வைக்குத் தெரியும் என்பதால் உள்பக்கத்திலிருந்து எடுப்பார்கள். நம் பக்கம் பலர் வாலை மொத்தமாகவே வெட்டிவிடுகிறார்கள். வேண்டாம். வாலில்லாத குதிரையாக அது நினைவில் நின்றுவிடும். செய்முறை இதுதான்:

1. கட்டைவிரல் பருமனில் ஒரு கொத்தைப் பிரித்தெடுங்கள். ஒரு கைக்காப்புப் பின்ன பென்சில் பருமன் போதும். வீட்டில் நாலு பேர், ஓட்டுகிறவர், தீனி போட்டவர் என்று பங்கு வைத்தால் கட்டைவிரல் பருமன் சரியாக வரும்.
2. வெட்டுவதற்கு முன்பே வேர்ப்பக்கம் நூலால் இறுக்கி இரண்டு சுற்று, அதற்கு ஒரு விரற்கடை கீழே இன்னும் இரண்டு சுற்று. வெட்டிய பிறகு கட்டினால் முடி வழுக்கித் தலைகீழாகக் கலந்துவிடும், பின்ன வராது.
3. கட்டுக்கு மேலே கத்தரியால் வெட்டுங்கள். ஒன்றரை அடி நீளமாவது இருக்கட்டும்.
4. பச்சைத் தண்ணீரில் சிறிது ஷாம்பு போட்டு அலசி, நிழலில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். சுடுதண்ணீரும் வெயிலும் முடியை முறுமுறுவென்று ஆக்கிவிடும்.
5. நன்றாகக் காய்ந்த பிறகு காகிதத்திலோ பருத்தித் துணியிலோ சுற்றி, ஒரு கற்பூரத் துண்டோடு டப்பாவில் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டால் பத்து நாளில் பூஞ்சைதான் மிஞ்சும்.

பிடரி முடி குட்டை, பின்னுவதற்கு ஆகாது. நெற்றியில் விழுகிற கொத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்க நன்றாயிருக்கும்.

லாடத்தை லாடக்காரரை வைத்துக் கழற்றுங்கள். அவரும் அந்தக் குதிரையை மாதம் ஒரு தடவை தொட்டவர், அவருக்கும் சொல்லி அனுப்ப வேண்டியவர்தான். குளம்புக்கு வெளியே மடங்கியிருக்கும் ஆணி நுனிகளை முதலில் அரத்தால் தேய்த்து நிமிர்த்திவிட்டு, குதிகால் பக்கத்திலிருந்து நுனி நோக்கிக் கிடுக்கியால் நெம்பினால் லாடம் வளையாமல் வரும். எந்தக் கால் என்று உடனே எழுதிக் கட்டுங்கள். வண்டி ஓடிய லாடம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி தேய்ந்திருக்கும், பின்னால் பார்த்து உட்காரும்போது அந்தத் தேய்மானம்தான் குதிரையின் கையெழுத்து. துருப் போக ஒரு ராத்திரி கெட்டியான புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, தேங்காய் எண்ணெய் பூசுங்கள். பெயின்ட் அடித்தால் தேய்மானம் மறைந்துவிடும்.

கூட நின்ற குதிரை

இதை நம் பக்கம் யாரும் சரியாகச் செய்வதில்லை. இறந்த குதிரையைச் சாக்குப் போட்டு மூடி, மற்றக் குதிரையைத் தூரமாகக் கட்டிவிடுகிறார்கள். அது இரண்டு மூன்று நாள் கத்திக்கொண்டே, வாசல் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும். தொற்று நோய் இல்லையென்றால், பக்கத்துக் கட்டுத்தறியில் நின்ற குதிரையையும் வண்டியில் ஜோடியாகப் பயிற்சிக்குப் போன குதிரையையும் கூட்டிவந்து காட்டுங்கள். கயிறு தளர்வாக இருக்கட்டும். மோந்து பார்க்கும், மூக்கால் தள்ளும், சிலது காலால் தட்டும், சிலது ஒரே ஒரு தடவை மோந்துவிட்டுப் புல் மேயப் போய்விடும். எதுவானாலும் தடுக்காதீர்கள். கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை போதும். அதுவாகத் திரும்பி நடக்கிறபோது கூட்டிப் போங்கள்.

பிறகு ஒரு வாரம் கவனம் தேவை. தீனியைக் குறைப்பது சகஜம். ஒரு முழு நாள் எதுவுமே தின்னவில்லை, சாணி போடவில்லை என்றால் துக்கம் என்று விட்டுவிடாதீர்கள், அதுவே சூலையில் கொண்டுபோய் விடும். கொள்ளைப் பாதியாகக் குறைத்துச் சோளத்தட்டும் தண்ணீரும் தாராளமாக வையுங்கள். தனியாக நிற்கிற ஒற்றைக் குதிரையாகிவிட்டால் பக்கத்தில் ஒரு வெள்ளாட்டைக் கட்டுவது பழைய வழி, இன்றைக்கும் வேலை செய்கிறது. பந்தயத்துக்கு உடனே பூட்ட வேண்டாம். இரண்டு வாரம் நடைப்பயிற்சி மட்டும்.

போஸ்ட்மார்ட்டம், இன்சூரன்ஸ்

இன்சூரன்ஸ் இருந்தால் புதைப்பதற்கு முன் கம்பெனிக்குத் தெரிவிப்பதும், டாக்டரின் இறப்புச் சான்றும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் வாங்குவதும் முக்கியம். நாலு பக்கமும், முகச்சுழி, கால் வெள்ளை, சூட்டுக்குறி எல்லாம் தெளிவாகத் தெரிய போட்டோ எடுங்கள். பாலிசியில் எழுதியிருக்கும் அடையாளத்தோடு அது ஒத்துப்போக வேண்டும்.

இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும் திடீர்ச் சாவுக்குப் போஸ்ட்மார்ட்டம் செய்யச் சொல்லுவோம். ‘நேற்று அந்த ஓட்டம் ஓட்டாமல் இருந்திருந்தால்’, ‘புதுக் கொள்ளு போட்டதாலோ’ என்று வருடக்கணக்கில் தன்னையே தின்றுகொள்கிறவர்களுக்கு ஒரு காகிதத்தில் காரணம் இருப்பது பெரிய ஆறுதல். குடல் முறுக்கு என்று வந்தால் யார்மீதும் பழி விழாது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்: ஓடும்போதே விழுந்து இறந்த குதிரையில் சில சமயம் எதுவும் அகப்படாது. இதயத்தின் தாளம் தப்பி நின்றால் அறுத்துப் பார்க்கையில் தடயம் இருக்காது.

வெயில் காலத்தில் ஆறு மணி நேரம் தாண்டினால் உறுப்புகள் கெட்டு, அறிக்கை மங்கலாகத்தான் வரும். குழிக்குப் பக்கத்திலேயே நடக்கட்டும். இரண்டு குடம் தண்ணீர், பிடிக்க இரண்டு ஆள், இரண்டு மணி நேரம். மாலை, முத்தம், போட்டோ, கூட நின்ற குதிரை எல்லாம் இதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பிறகு யாரும் முகம் பார்க்க வர வேண்டாம்.

குழி

இடம்தான் முக்கால் வேலை. மேட்டுக்காடு நல்லது. கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) வைத்திருப்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. குடிக்கிற கிணறு, போர்வெல்லிலிருந்து 300 அடியாவது தள்ளுங்கள். ஓடைக்கரை, வாய்க்கால் கரை, புறம்போக்கு வேண்டாம். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கும் மாதங்களில் பாசனப் பகுதியில் ஆறேழு அடியிலேயே ஊற்றெடுக்கும். பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, குழியின் அடி அதற்கு ஐந்தடியாவது மேலே இருக்கும்படி இடம் தேடுங்கள். குத்தகைத் தோட்டம் என்றால் தோட்டக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், அடுத்த வருடம் அவர் அங்கே போர் போட நினைத்திருக்கலாம். நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இருந்தால் சுகாதாரப் பிரிவைக் கேட்காமல் தோண்டக் கூடாது.

அளவு: கால் மடக்கிய நாட்டுக் குதிரைக்கு நீளம் 8 அடி, அகலம் 6 அடி, ஆழம் 8 அடி. கத்தியவாரி, மார்வாரி மாதிரி உயரமான குதிரைக்கு ஒவ்வொன்றிலும் ஓர் அடி கூட்டுங்கள். வெளியே வருகிற மண் கிட்டத்தட்ட நாலு யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி), அதைக் கொட்டக் குழியின் ஒரே பக்கத்தில் இடம் விடுங்கள். குதிரை வர மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். செவ்வலில் ஜேசிபிக்கு ஒரு மணி நேரம் போதும். சுக்காங்கல் தட்டினால் மூன்று மணி நேரம்கூட ஆகும், நாலடியில் நிறுத்தச் சொல்லி ஆபரேட்டர் கெஞ்சுவார். நிறுத்தாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். நாலடிக் குழியில் போட்ட குதிரையைப் பத்தாம் நாள் நாய் கண்டுபிடித்துவிடும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துக் கரிசலில் வேறு சிக்கல்: மழைக்குப் பிறகு குழியின் பக்கச்சுவர் சரியும். தோண்டிய உடனே இறக்கிவிட வேண்டும், யாரும் குழிக்குள் இறங்கி நிற்கக் கூடாது.

திறந்தவெளியில் போட்டுவிட்டு வரலாம் என்பது பழைய வழக்கம். இப்போது அது பாவம். கருணை ஊசி மருந்தும் வலி மருந்தும் உடம்பில் அப்படியே இருக்கும், தின்கிற நாயும் பருந்தும் சாகும். சத்தியமங்கலம் காட்டை ஒட்டி, மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுக் கழுகுகள் இருக்கின்றன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் அவற்றைக் கூட்டத்தோடு கொன்றதால்தான் கால்நடைக்கு அந்த மருந்தை 2006-இல் தடைசெய்தார்கள். கீட்டோபுரோஃபனும் அசிக்ளோஃபினாக்கும் 2023-இல் தடையாயின. குதிரைச் சூலைக்குப் போடும் ஃபுளுனிக்ஸினும் கழுகுக்கு ஆகாத மருந்துதான்.

இறக்குவதும் மூடுவதும்

பிள்ளைகளையும் தீனி போட்டவரையும் இந்த ஒரு வேலையிலிருந்து விலக்கிவையுங்கள். ஓரமாக நின்று காபித் தண்ணி குடிக்கட்டும், மண் போடும்போது வரட்டும்.

கட்டுத்தறியிலிருந்து இழுக்க வேண்டியிருந்தால் தடித்த தார்ப்பாயை முதுகுப் பக்கத்திலிருந்து உருட்டி அடியில் நுழைத்து, தார்ப்பாயோடு டிராக்டரில் இழுங்கள். கழுத்தில் கயிறு போடவே கூடாது. ஜேசிபியில் தூக்கினால் மார்புக்குப் பின்னால் ஒன்று, தொடைக்கு முன்னால் ஒன்று என்று இரண்டு அகல பெல்ட், தலையை ஓர் ஆள் தாங்கி நடந்து வர வேண்டும். பக்கெட்டில் அள்ளுவதை ஆபரேட்டர் சுலபம் என்பார். மறுத்துவிடுங்கள்.

இறக்கிய பிறகு கட்டுத் துணியை அவிழ்க்கலாம். மேலே வைக்கோல் ஒரு கட்டு, அல்லது அது தின்ற சோளத்தட்டு. முதல் ஓரடி மண்ணை ஆட்கள் மண்வெட்டியால் தள்ளட்டும், அதற்குப் பிறகு ஜேசிபி. முதல் மண்ணையே எந்திரம் கொட்டுகிற சத்தம் காதை விட்டுப் போகாது. வயிற்றில் வாயு சேர்ந்து மண் எழும்பும் என்று டாக்டர் வயிற்றில் துளையிடச் சொல்லலாம். செய்வதானால் அவரே செய்யட்டும். மனமில்லையென்றால் எட்டடி ஆழத்தில் குறையாமல் இருங்கள்.

சுண்ணாம்பு ஒரு மூட்டை போட்டால் வாடைக்கும் நாய்க்கும் நல்லது. ஆனால் அது மட்க வைக்கும் என்று நினைக்க வேண்டாம், தாமதப்படுத்தத்தான் செய்யும். உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டுகிறவர்கள் அங்கே மரம் வைக்க ஆசைப்படக் கூடாது. சாத்திரத்துக்கு இரண்டு கை உப்பு, மஞ்சள், திருநீறு போதும்.

மண்ணை இரண்டடி உயரம் மேடாக விடுங்கள், மேலே வேலாமுள் பரப்புங்கள். ஐப்பசி மழைக்கு மேடு இறங்கிப் பள்ளமாகும். ஒரு டிப்பர் மண் அப்போது தேவைப்படும். மரம் மேட்டின் நடுவில் வேண்டாம், மண் இறங்கும்போது கன்றும் சாய்ந்துவிடும். தலைமாட்டிலிருந்து ஆறடி தள்ளி வெள்வேலாவோ வேம்போ வையுங்கள். சுற்றிலும் கிளுவைப் போத்து நட்டால் இரண்டு வருடத்தில் வேலி.

பால், உருவாரம், பேனர்

மூன்றாம் நாள் பால் ஊற்றுவதும், பிடித்த கொள்ளும் வெல்லமும் வைப்பதும் பல வீடுகளில் உண்டு. குதிரைக்கு இன்னது செய்தே தீர வேண்டும் என்று கட்டாயம் எதுவும் கிடையாது. தலை எந்தத் திசை என்பதில் ஊருக்கு ஊர் பேச்சு மாறும், உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்வதே முடிவு.

மண்குதிரை செய்து கோயிலில் வைப்பது நம் பக்கத்துக்கு நன்றாகப் பொருந்துகிற நினைவு. கால்நடைக்காக உருவாரம் வைக்கும் வழக்கம் உடுமலை அருகே சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் தைப்பொங்கலை ஒட்டி இன்றும் நடக்கிறது. உங்கள் குலதெய்வக் கோயிலிலும் வைக்கலாம். தைக்கு வேண்டுமென்றால் புரட்டாசிக்குள் குயவரிடம் சொல்லிவிடுங்கள். அடைமழையில் பச்சை மண் காயாது, அரைகுறையாகக் காய்ந்ததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். நிறமும் நெற்றிச் சுட்டியும் தெரியும் போட்டோவைக் கையோடு கொடுங்கள்.

கண்ணீர் அஞ்சலி பேனர் வைப்பதானால் ஆறுக்கு நாலு போதும். சந்தையில் வாங்கிய குதிரைக்குப் பிறந்த தேதி தெரியாது, எனவே ‘தோற்றம்’ என்று பொய்யாக ஒன்றைப் போடுவதைவிட ‘நம் வீட்டுக்கு வந்தது’, ‘மறைந்தது’ என்று போடுங்கள். ஜெயித்த ஊர்களும் வருடமும் இருக்கட்டும். ஓட்டுகிறவர், தீனி போட்டவர், லாடக்காரர் பெயர்கள் உரிமையாளர் பெயருக்கு இணையான எழுத்தில் வரட்டும். பழைய புறத்திணைப் பாடல்களில் குதிரையின் வீரத்துக்கென்றே ‘குதிரை மறம்’ என்று ஒரு துறை வைத்திருந்த மொழி இது. ‘மண்ணை விட்டுப் பிரிந்தாலும்’ ரக வரியை டிடிபி கடையில் வாங்க வேண்டியதில்லை. அது எப்படி ஓடும் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்: கடைசி நூறடியில் காதைப் பின்னால் மடக்கும், கொடியைப் பார்த்தால் தானாக இழுக்கும், ஏதாவது ஒன்று. பதினைந்து நாளில் பேனரைக் கழற்றிவிடுங்கள், வெளுத்துக் கிழிந்த முகம் ரோட்டில் தொங்கக் கூடாது.

தீனி போட்டவர்

உரிமையாளருக்குத்தான் எல்லோரும் போன் செய்வார்கள். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து கொள்ளு வேகவைத்து, உடம்பு தேய்த்து, ராத்திரி கட்டுத்தறியிலேயே கட்டில் போட்டுப் படுத்தவரை யாரும் விசாரிக்க மாட்டார்கள். அவருக்குப் போனது குதிரை மட்டுமா? வேலையும் போய்விடுமோ என்ற பயம் அன்று சாயங்காலமே வந்துவிடும், வாய்விட்டுக் கேட்க மாட்டார். ‘சம்பளம் வழக்கம்போல வரும், நீ இங்கேயே இரு’ என்று முதல் நாளே சொல்லுங்கள். ‘என்ன தீனி வெச்சே?’ என்று அந்த வாரம் கேட்காதீர்கள். டாக்டர் கேட்டால் டாக்டருக்குச் சொல்லுவார். அறிக்கை வந்ததும் அவரை உட்காரவைத்துப் படித்துக்காட்டுங்கள்.

4 மணிக்கு விழிப்பு வந்துகொண்டேதான் இருக்கும். அந்த நேரத்துக்கு ஒரு வேலை வேண்டும்: மற்றக் குதிரையை நடத்துவது, மேட்டுக்குத் தண்ணீர் தெளிப்பது. இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, சாப்பாடில்லை, குடி ஏறுகிறது என்றால் 14416 எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். அவருக்கும், உங்களுக்கும்.

பிள்ளைகளும் விசாரிக்க வருகிறவர்களும்

பிள்ளைகளிடம் ‘செத்துப்போச்சு கண்ணு’ என்றே சொல்லுங்கள். ‘ஊருக்குப் போயிருக்கு’ என்றால் தினமும் வாசலில் போய் நிற்கும். ‘தூங்குது’ என்றால் ராத்திரி தூங்கப் பயப்படும். பூப்போடவும் ஒரு கை மண் போடவும் விடுங்கள்.

வருகிறவர்களில் ஒருத்தராவது, ‘போனாப் போவுதுங்க மாப்ள, ஆடிக்கு அந்தியூர்ல வேற ஒண்ணு புடிச்சுக்கலாமுங்க’ என்பார். ஆறுதலாகத்தான் சொல்கிறார், ஆனால் குத்தும். ‘அதுக்கு இன்னும் நாள் இருக்குதுங்க மாமா’ என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் விசாரிக்கப் போகிறவராக இருந்தால் விலையைப் பற்றிப் பேசாதீர்கள். அந்தக் குதிரை ஓடியதில் நீங்கள் பார்த்த ஓர் ஓட்டத்தைச் சொல்லுங்கள், போட்டோ இருந்தால் அனுப்புங்கள்.

கட்டுத்தறியும் சாமான்களும்

தொற்று இல்லையென்றால் கட்டுத்தறியைக் கழுவ அவசரப்பட வேண்டாம், மூன்றாம் நாள் போதும். சாணி, கூளம் வாரி, வாஷிங் சோடா கரைத்த சுடுதண்ணீரில் தேய்த்து, காய்ந்த பிறகு சுண்ணாம்பு அடியுங்கள். வேகவைத்த கொள்ளை அன்றே மாட்டுக்கு வைத்துவிடுங்கள், மறுநாள் புளித்துவிடும். காய்ந்த கொள்ளு மூட்டையைத் தொட மனமில்லாமல் அப்படியே வைத்திருக்காமல் வேறொரு குதிரைக்காரருக்குக் கொடுப்பது நல்லது. கடிவாளத்தின் இரும்பைக் கழுவி எண்ணெய் பூசி, தோல் வாரைத் தனியே விளக்கெண்ணெய் தடவி வையுங்கள். கவனிக்காமல் ஆணியில் மாட்டிவிட்டால் அடுத்த மழைக்குள் வெடித்து, பூசணம் பிடித்துவிடும்.

துக்கம் திரும்பி வருகிற நாட்கள் தெரிந்தவைதான்: பட்டிப் பொங்கலன்று மணி கட்டக் கழுத்தைத் தேடும் கை, ஊர் நோம்பிப் பந்தயத்தில் மைக்கில் வேறு பெயர், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தை. சந்தைக்கு முதல் வருடம் போவதானால் பணம் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். அதே நிறம், அதே சுட்டி என்று ஒன்றைக் கண்டதும் பல்லைக்கூடப் பிடித்துப் பார்க்காமல் கை கொடுத்துவிடுவீர்கள்.

அடுத்த குதிரை

பழைய பெயரை வைக்காதீர்கள். புதியது அந்த அழைப்புக்கு வேறு மாதிரி திரும்பும், ஒவ்வொரு தடவையும் ஏமாற்றம்தான். பழைய கடிவாளத்தையும் அப்படியே மாட்டாதீர்கள். கடிவாள இரும்பு வாயோரத்தில் இருபுறமும் கால் அங்குலம் வெளியே நிற்க வேண்டும். நாலரை அங்குல வாய்க்கு ஐந்தரை அங்குல இரும்பு ஆடி ஆடிப் புண்ணாக்கும், ஐந்துக்கு நாலரை கிள்ளும். நூலை வாய்க்குள் கொடுத்து அளந்து புதிதாக வாங்கிவிட்டு, பழையதை லாடங்களோடு அதே ஆணியில் விட்டுவிடுங்கள்.